முதல் வாய்

ரோசியைப் பயந்த சுபாவக்காரி என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சுபாவத்தில் ஒரு ஓரமாகப் பயம் இருக்கிறவர்களை அப்படிச் சொல்லலாம். ரோசியிடமிருந்து பயத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒரு ஜெபமாலையும் கொலுசு பற்றவைக்கிற ஊதுகுழலும்தான்.

சேலத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டுக்கு மலை ஏறுகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சின்னப் பட்டறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோத்துப் பற்றவைத்துக் கொடுக்கிறாள். கை நடுங்காத வேலைக்காரி என்று பெயர். மனசு நடுங்குவது வெளியே தெரியாது. கணவன் ராயப்பன் லாரி ஓட்டுகிறவன். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வரும் வரைக்கும் போன் மணி அடித்தாலே அவளுக்குப் பயம். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பாள். சிலிண்டர் கம்பெனிக்காரன் கூப்பிட்டாலும் சிலுவைதான்.

இவ்வளவு பயந்தவள் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் பயப்படவில்லை. மகள் அக்சிலியாவுக்குக் கல்லூரி கடைசி வருடத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்று பெண் கருவாடாகக் காய்ந்துகொண்டிருந்தபோது, ரோசியின் சிறுநீரகம் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டாள். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ராயப்பன் அழுதான், மூத்தவன் ஜெனிஷ் கத்தார் நாட்டிலிருந்து போனில் அழுதான், இவள் மட்டும் தூங்கப் போகிறவள் மாதிரி போனாள்.

பயமெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது, வட்டியும் முதலுமாக.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். அம்மாவின் கிட்னியை மகளின் உடம்பு வெளியாள் என்று நினைத்துத் துரத்தப் பார்க்கும். துரத்தாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைக்கிற மாத்திரை கொடுத்திருக்கிறோம். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். எதிர்ப்பு அடங்கிய உடம்பு என்பதால் நமக்கு ஒன்றும் செய்யாத சின்னக் கிருமிகூட அவளுக்கு ஆபத்து. வெளிச் சாப்பாடு கூடாது, காய்ச்சின தண்ணீர்தான், கறி கோழி என்றால் உள்வரைக்கும் வெந்திருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர், நீங்களும் ஒற்றைக் கிட்னிக்காரி, உடம்பு வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் ரோசியின் காதில் ஏறவே இல்லை. அரைவேக்காட்டுக் கறி என் பெண்ணைக் கொன்றுவிடும் என்பது மட்டும் ஏறியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கோழி குக்கருக்குள்தான் போனது. பக்கத்து வீட்டு அத்தாயி, விசிலை எண்ணி எண்ணிச் சலித்துப்போய், ஏம்புள்ள, கோழிய வேகவெக்கறயா, வெளுக்கப் போட்டிருக்கறயா என்று மதில் மேலிருந்து கேட்டாள். நாராகப் பிரிந்து, எலும்பு மாவாகி, மஞ்சள் தண்ணீரில் மிதக்கிற அந்தப் பண்டத்தை அக்சிலியா இரண்டு வாய்க்கு மேல் தின்னமாட்டாள். அவளுக்கு முழுக் கோழி சுட்டுத் தின்கிறது சின்ன வயசிலிருந்தே உயிர். ராயப்பன் லோடு இறக்கிவிட்டு வருகிற அன்றைக்கு அஸ்தம்பட்டிப் பக்கம் ஏதாவது கடையில் கம்பியில் சுற்றுகிற கோழி ஒன்றை வாங்கி வருவான். காலைப் பிய்த்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்வார்கள். இப்போது கடைக் கோழியும் இல்லை, வீட்டுக் கோழியும் மருந்து மாதிரி ஆகிவிட்டது. பெண் எடை குறைய ஆரம்பித்தாள். குறையக் குறைய ரோசிக்கு இன்னொரு பயம் கூடியது.

ஜெனிஷ் தோஹாவில் பெரிய ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டில் வேலை செய்கிறான். அவன்தான் ஊருக்கு வந்த நண்பன் கையில் அதைக் கொடுத்துவிட்டான். மரத்தில் செய்த சின்னப் பெட்டி. உள்ளே விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு எஃகுக் கம்பி. ஒரு நுனி கூர்மை, மறு நுனியில் கறுப்புப் பிடி. ஒயர் கிடையாது. கோழியின் சதைக்குள் குத்தி அடுப்பில் வைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று போனில் எண் காட்டும். எழுபத்தைந்து தாண்டிவிட்டால் கிருமி செத்தது, கோழியும் நாராகாது.

ஜெனிஷ் வீடியோவில் வந்து சொல்லிக் கொடுத்தான். நெஞ்சுக்கறியில் எங்கே தடிமனோ அங்கே குத்து. எலும்பில் முட்டக் கூடாது, முட்டினால் எலும்பின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். கம்பியில் கோடு இருக்கிறது பார், அதுவரை உள்ளே போகணும். நேர் நெருப்பில் காட்டாதே. வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துப் பெட்டியில் வை. பெட்டிதான் அதற்குச் சார்ஜ் ஏற்றும். பெட்டிக்குள் இருக்கிற சின்ன முள்ளும் கம்பியின் கறுப்பு நுனியில் இருக்கிற தகடும் தொட்டுக்கொண்டால்தான் ஏறும். ரோசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: “இது பொய் சொன்னா என்ன சாமி பண்றது?”

“பொய் சொல்லாதும்மா. சந்தேகமா இருந்தா கொதிக்கிற தண்ணியில விட்டுப் பாரு. நூறு கிட்ட காட்டும்.”

அவள் விட்டுப் பார்த்தாள். நூறு கிட்டக் காட்டியது. மறுபடியும் விட்டாள். கோழி வைக்கிற ஒவ்வொரு ஞாயிறும் விட்டாள்.

கிறிஸ்துமஸ் கேக் சுடுவதற்காக வாங்கிய ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. வருடத்தில் ஒரு வாரம் உழைத்துவிட்டு மிச்ச நாள் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். அதைத் துடைத்து வைத்து, இஞ்சி பூண்டு மிளகாய் எலுமிச்சை எல்லாம் தடவி ஊறவைத்த கோழியை உள்ளே வைத்து, கம்பியைக் குத்தி, போனைக் கையில் பிடித்தபடி ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். எண் ஏறுவதைக் கோவிலில் ஸ்தலம் ஸ்தலமாகச் சிலுவைப்பாதை பார்க்கிற முகத்தோடு பார்த்தாள். அத்தாயி எட்டிப் பார்த்து, கோழிக்குக் காய்ச்சல் எத்தனை இருக்குது என்று விசாரித்தாள். எழுபத்தைந்தைத் தாண்டி எண்பதைத் தொட்டதும்தான் கதவைத் திறந்தாள். தோல் மொறுமொறுவென்று, உள்ளே சாறு நிற்க, அக்சிலியா அன்றைக்கு ஒரு கால் முழுவதையும் தின்றாள். தின்றுவிட்டு எலும்பை உறிஞ்சினாள். ரோசி அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், அதிலும் கொஞ்சம் பயம் கலந்திருந்தது.

இதற்குப் பின் இரண்டு பழக்கம் அவளிடம் ஒட்டிக்கொண்டது. இரண்டும் யாருக்கும் தெரியாது.

ஒன்று, எண்ணெய். வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறவர்கள் மந்திரித்த எண்ணெய் கொண்டு வருவார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியில், வலி என்றால் வலிக்கிற இடத்தில் தொட்டு வைப்பது வழக்கம். ராயப்பன் புது லாரி ஓட்ட ஏறினாலும் ஸ்டீயரிங்கில் ஒரு சொட்டு தடவித்தான் ரோசி வழியனுப்புவாள். என் பெண்ணின் உயிர் இந்தக் கம்பியின் நுனியில் இருக்கிறது, இதற்கு மாதாவின் காவல் வேண்டாமா? சாயந்தர ஜெபம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, கம்பியை எடுத்து, பிடியிலிருந்து நுனிவரை ஒரு சொட்டு எண்ணெயை நீவிவிட்டு, மறுபடி பெட்டியில் வைத்து மாதா படத்துக்குக் கீழே வைப்பாள். சமைக்கும்போது சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறாள் அல்லவா, அதனால் ஒன்றும் கெடவில்லை.

இன்னொன்று, முதல் வாய். கோழி வெந்து வெளியே வந்ததும், அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொடை எலும்போடு சேருகிற மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பிய்த்து, சிலுவை போட்டு, தான் முதலில் தின்பாள். ஏதாவது இருந்தால் முதலில் எனக்கு வரட்டும் என்று கணக்கு. வயிற்றுக்குள் போன கிருமி தட்டு வைக்கிற நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடுமா என்று அவள் யோசித்ததே இல்லை. அறிவால் செய்கிற காரியமா இது? பெற்றவள் பயம், அதற்கு ஏது பாடப்புத்தகம்.

பிறகு தவக்காலம் வந்தது. விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா, அதாவது ஈஸ்டர், வரைக்கும் அந்த வீட்டில் கறி மீன் கிடையாது. அக்சிலியாவுக்கு விலக்கு உண்டு என்று பங்குச் சாமியாரே சொல்லியும் அவள் கேட்கவில்லை, அம்மா கொடுத்த கிட்னிக்கு நானும் ஒரு நன்றி சொல்லணும் என்று பருப்பும் முட்டையுமாக இருந்துவிட்டாள். ஓவனுக்கு மறுபடி துணி போர்த்தினார்கள். கம்பி பெட்டிக்குள்ளேயே இருந்தது. கழுவ வேலையில்லை. ஆனால் சாயந்தர ஜெபம் நிற்கவில்லை, எண்ணெயும் நிற்கவில்லை. தவக்காலம் முழுக்க ஒவ்வொரு சாயந்தரமும் ஒரு சொட்டு.

பாஸ்கா ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு முழுக் கோழி என்று அக்சிலியா ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையே ரோசி கோழி வாங்கிவிட்டாள். வெயில் கொளுத்தியது. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. கோழி கெட்டுவிடுமோ என்று பயந்து, எப்போதும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறவள் அதை மேலே ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். காலையில் எடுத்து வெளியே வைத்தாள். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. எலும்பை ஒட்டி உள்ளே ஐஸ் இன்னும் விடவில்லை என்பது வெளியே இருந்து தொடுகிற கைக்கு எப்படித் தெரியும்?

கம்பி இருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அது பெட்டிக்குள் இருக்கிற சார்ஜுக்கான விளக்கு. பெட்டியிலிருந்து கம்பிக்கு ஏற வழியில்லாமல் நடுவில் எண்ணெய் பிசின் பிடித்து நின்றது பின்னால்தான் தெரிந்தது. கம்பியில் மிச்சமிருந்த கொஞ்சம் உயிரில் அது போனோடு சேர்ந்துகொண்டது. கழுவினாள், துடைத்தாள், குத்தினாள். நெஞ்சுக்கறி ஏற்கெனவே இளகியிருந்ததால் எண் மளமளவென்று ஏறியது. இன்னும் இவ்வளவு நேரத்தில் வெந்துவிடும் என்று போன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. அந்த வேளையில் அத்தாயி மாங்காய்க் கூடையோடு வந்தாள், வாசலில் நின்று பேசினார்கள். உள்ளே அக்சிலியா புதுச் சுடிதாரில், பாஸ்காப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி கிண்ணத்தில் தயாராக இருந்தது. ரோசி அதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பின் மனசு லேசாக இருந்தது.

போன் மணி அடித்தது. வெந்தாச்சு என்ற மணி.

ஓடிப் பார்த்தாள். எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. மற்ற நாளாக இருந்தால் ஜெனிஷுக்குப் போன் போட்டிருப்பாள், கொதிதண்ணீரில் விட்டுப் பார்த்திருப்பாள், கோழியைத் திருப்பி உள்ளே தள்ளியிருப்பாள். அன்றைக்கு, வேலை முடிந்ததும் தானே அணைந்துகொண்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். கம்பி பாதியிலேயே செத்துப்போக, போன் தன்பாட்டுக்குப் பழைய கணக்கை எண்ணி மணி அடித்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆயுசிலேயே ஒரு நாள் அவள் பயப்பட மறந்தாள்.

கோழியை வெளியே எடுத்தாள். தோல் பொன்னாக இருந்தது. முதுகைத் திருப்பி நின்று மூட்டுப் பக்கம் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள், விழுங்கினாள். விழுங்கின பிறகுதான் நாக்கில் சில்லென்று ஏதோ பட்டது உறைத்தது. இன்னும் கொஞ்சம் பிய்த்துப் பார்த்தாள். எலும்பை ஒட்டிச் சிவப்புத் தண்ணீர் கசிந்தது. சதை கண்ணாடி மாதிரி வழுவழுத்தது.

தான் விழுங்கினது நினைப்பில்கூட இல்லை. அந்தத் தட்டு மேசைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு மட்டும் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது. சத்தமில்லாமல் கோழியைத் துண்டு போட்டுக் குக்கரில் தள்ளினாள். விசில் வந்தபோது அக்சிலியா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் இருந்த பண்டிகை இறங்கிப்போனது.

“இன்னைக்குமாம்மா?”

ரோசி அடுப்பைக் குறைத்து வைத்தாள். நடந்ததைச் சொன்னால் பெண்ணும் பயப்படுவாள். பயந்தால் அதுவே உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு கணக்கு. அக்சிலியா பச்சடியையும் சோற்றையும் தின்றுவிட்டு, கோழியைத் தொடாமல் எழுந்து போனாள். “உன் பயத்துக்குத்தான் நீ சமைக்கிற. எனக்கில்ல,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தப் பேச்சு சுட்டது. ஆனால் ரோசிக்கு அதைவிடப் பெரிய தீ ஒன்று அப்போதே பிடித்திருந்தது. பச்சடிக்கு வெள்ளரிக்காயை எப்போது நறுக்கினேன்? கோழியைத் தொட்ட கையோடா, கழுவின கையோடா? பலகை எது? கத்தி எது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அன்று பலகையைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கத்தியை நெருப்பில் காட்டினாள். மேசைத் துணியை ஊறப்போட்டாள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மகளின் பின்னாலேயே அலைந்தாள். அக்சிலியா கோபத்தோடு கையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. மறுநாளும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வர வேண்டும் அல்லவா? இனிமேல் வருமோ என்றுதான் ரோசிக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ரோசியின் வயிறு முறுக்கியது. கொல்லைக்கு ஒரு முறை போய் வந்தாள். வந்து உட்காருவதற்குள் மறுபடி ஓடினாள். உடம்பு கொதித்தது. என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வந்த முதல் பயம் தன்னைப் பற்றியது இல்லை. இது ஒட்டுகிற நோய். நான் தொட்ட சொம்பை அவள் தொடுவாள், நான் படுத்தால் அவள் வந்து தலையைப் பிடிப்பாள், வாந்தியைத் துடைப்பாள். அது போதும்.

அவசர ஆர்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். தனக்கென்று ஒரு குடம், ஒரு டம்ளர். கொல்லைக் கக்கூஸ் பக்கத்திலேயே இருந்தது வசதியாயிற்று. ராயப்பன் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். போனில் குரலைச் சரிசெய்துகொண்டு, எல்லாரும் சௌக்கியம் என்றாள். தகரக் கூரை காய்ந்தது. தண்ணீர் குடித்தால் அப்படியே திரும்பி வந்தது. வெறும் தரையில் வெள்ளிக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். மதியம் அக்சிலியா வந்து கதவைத் தட்டினாள்.

“அம்மா, கோவமா? நான் பேசினது தப்புத்தான். மன்னிச்சுக்க. கதவத் தொற.”

ரோசிக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளின் மேலேயே பயம் வந்தது.

“உள்ள வராத. போ அங்கிட்டு,” என்று கத்தினாள். அவள் வாழ்க்கையில் அந்தப் பெண்ணிடம் அப்படிக் கத்தினதே இல்லை. வெளியே செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் போனது.

புதன்கிழமை முற்பகல், கொல்லைக்குப் போனபோதுதான் ரோசிக்கு ஒன்று உறைத்தது. நேற்று மத்தியானத்துக்குப் பின் ஒரு சொட்டு சிறுநீர்கூட இறங்கவில்லை. மகளுக்கும் கடைசியில் இப்படித்தான் நின்றுபோனது. உங்கள் உடம்பு வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வாக்கியம், இத்தனை மாதம் எங்கேயோ கிடந்துவிட்டு, இப்போது முழுசாகக் காதில் கேட்டது. தனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதில் இருப்பது ஒன்றே ஒன்று என்பதையே அவள் மறந்திருந்தாள். இதுவும் போய்விட்டால், இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் பார்க்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பயத்தில் எழுந்து நின்றாள். நின்றவள் பட்டறை வாசலிலேயே விழுந்தாள்.

மதில் மேலிருந்து பார்த்தது அத்தாயி. அவள் போட்ட சத்தத்தில் அக்சிலியா ஓடி வந்தாள். நினைவு மங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் ரோசி கையை நீட்டி, கிட்ட வராத, கிட்ட வராத என்றுதான் முனகினாளாம். அத்தாயிதான் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது. கிட்னி எண் ஏறிக் கிடக்கிறது, ஒற்றைக் கிட்னியை வைத்துக்கொண்டு இப்படியா செய்வீர்கள் என்று டியூட்டி டாக்டர் கடிந்துகொண்டார். என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் வேறு யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்க் போட்டுக்கொண்டு அக்சிலியா நின்றிருந்தாள். கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை.

“நான் மட்டுந்தாங்க. ஒரு வாய். வெந்துச்சான்னு பாக்கறதுக்கு.”

“பிள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க தின்னு பாப்பீங்களா? எப்பவுமா?”

ரோசி மூடியிருந்த கண்ணைத் திறக்கவில்லை. “எப்பவுங்க,” என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று அத்தாயி பிறகு சொன்னாள். ராயப்பன் வழியில் லாரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு ரயிலேறினான். இந்த முறை போன் மணி அடித்தபோதெல்லாம் பயந்தது அவன்தான். இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் நன்றாக இறங்க ஆரம்பித்தது. கிட்னி தப்பித்தது, இனிமேல் விளையாடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவரைக்கும் அக்சிலியாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. வெள்ளரிக்காயை ரோசி கழுவின கையோடுதான் நறுக்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தபோது, அக்சிலியா மாதா படத்துக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்து வந்து திறந்தாள். கம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கறுப்பு நுனியில் இருந்த தகட்டையும் பெட்டிக்குள் இருந்த முள்ளையும் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். ரோசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொலுசில் எண்ணெய்க் கை பட்டால் பற்றவைக்கிற பொடி பிடிக்காது, எவ்வளவு ஊதினாலும் கண்ணி கண்ணியோடு சேராது. வேலைக்கு உட்காரும் முன் சீயக்காய் போட்டுக் கை கழுவுகிறவள் அவள். அவளுக்கா இது தெரியாது? தெரிந்த கைதான் எண்ணெய் தடவியது. வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தது. மாதாவுக்கு ஏதோ குற்றம் செய்துவிட்டது போலவும் இருந்தது, மாதாவே கைவிட்டது போலவும் இருந்தது.

“நாந்தான் சாமி தடவினேன்,” என்றாள்.

“தெரியும்மா. எண்ணெய எனக்கு வெச்சு உடு. இதுக்குச் சோப்பு போதும்.”

கம்பியைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு நெற்றியைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். ரோசி எண்ணெயைத் தொட்டு வைத்தாள். அக்சிலியா அதே குப்பியில் விரலை நனைத்து அம்மாவின் சேலையைக் கொஞ்சம் விலக்கி, விலாவில் ஆபரேஷன் தழும்பு இருந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தாள்.

ரோசி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிறு, மறுபடி ஓவன் மேலிருந்த துணி போனது. கோழி கீழ்த்தட்டிலேயே இருந்தது. கம்பியைக் கொதிதண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள், நூறு கிட்டக் காட்டியது. ஒரே முக்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து அம்மாவும் மகளும் எண்ணைப் பார்த்தார்கள். எழுபத்தைந்து தாண்டியும் எடுக்கவில்லை, எண்பதும் தாண்டட்டும் என்றாள் ரோசி. தாண்டியது. வெளியே எடுத்ததும் அக்சிலியா கம்பியை உருவி, நெஞ்சில் இன்னொரு இடத்தில் குத்தினாள், தொடை மூட்டுப் பக்கத்திலும் குத்தினாள். எல்லா இடத்திலும் எண் நின்றது.

பழக்கத்தில் ரோசியின் உடம்பு வாசலுக்கு முதுகு காட்டித் திரும்பியது. கை மூட்டுப் பக்கம் போய் ஒரு துண்டைப் பிய்த்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டை அக்சிலியா பிடித்துக்கொண்டாள். ரோசி விடுவிக்கப் பார்த்தாள். பிடி விடவில்லை. ஒரு காலத்தில் சொம்பைத் தூக்க முடியாமல் கிடந்த கைக்கு இவ்வளவு பலம் எப்போது வந்தது என்று இருந்தது அவளுக்கு.

அக்சிலியா அந்தத் துண்டை வாங்கி இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனாள். மறு பாதியைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“வேண்டாஞ்சாமி. எனக்குப் பயமா இருக்குது,” என்றாள் ரோசி. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்குந்தாம்மா,” என்றாள் அக்சிலியா. “வாயத் தொற.”